தொட்டிக்குள் வந்தது எங்கே போகும்?

சென்னையிலோ கோவையிலோ வீட்டில் கடல்மீன் வளர்ப்பவர் செயற்கை உப்பை வாங்கி வந்து கரைக்க வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய 7 கிலோ பிடிக்கும். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இருப்பவருக்கு அந்தச் செலவு இல்லை. கடல் தெருக்கோடியில் இருக்கிறது. கேனில் மொண்டு வந்தால் போதும். ஆனால் அந்த நீரைப் புதுத் தொட்டியில் ஊற்றி, அன்றே நாலு கோமாளி மீன்களை விட்டால், ஒரு வாரத்துக்குள் அவை மேல்மட்டத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். நீர் என்னவோ கடைசிவரை பளிங்குபோலத்தான் இருக்கும்.

அதே நீரில்தானே அந்த மீன் கடலில் வாழ்ந்தது? ஆம். ஆனால் கடலில் விழும் எந்தக் கழிவுக்கும் போக ஒரு வழி உண்டு. நீரோட்டம் கொண்டுபோகும், பாசி உறிஞ்சும், நுண்ணுயிர் தின்னும், ஆழம் புதைக்கும். கண்ணாடித் தொட்டிக்கு இந்த வழிகள் கிடையாது. பம்பு, ஃபில்டர், ஸ்கிம்மர் என்று கடையில் விற்கும் எல்லாமே, உள்ளே வந்ததை வெளியே அனுப்ப நாம் அமைக்கும் மாற்று வழிகள்தான்.

போகாத உப்பு

முதலில் உப்பு. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மர் பகுத்தாய்ந்தார். அவர் 1884இல் வெளியிட்ட முடிவு இன்றும் நிற்கிறது: கடலுக்குக் கடல் உப்பின் அளவு கூடும், குறையும், உப்புகளுக்குள் உள்ள விகிதம் அநேகமாக மாறுவதில்லை. குளோரைடு 55 சதவீதம், சோடியம் சுமார் 31 சதவீதம்; மிச்சத்தில் பெரும்பகுதி சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம். சமையல் உப்பைக் கரைத்துக் கடல்நீர் தயாரிக்க முடியாததற்குக் காரணம் இதுவே.

பெருங்கடலில் ஒரு கிலோ நீருக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு. ஐராவதியும் சால்வீனும் வந்து கலப்பதால் அந்தமான் கடலின் மேற்பரப்பில் இது குறைவு. 33 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறி ஓடும் அறையில், 200 லிட்டர் தொட்டியில் இருந்து 20 லிட்டர் ஆவியாகிவிட்டால், அளவு 36.7 ஆக ஏறிவிடும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. குறைந்த மட்டத்தைக் கடல்நீரால் நிரப்பினால் அளவு 33க்குத் திரும்பாது; ஒவ்வொரு முறையும் தொட்டியில் உப்பு கூடிக்கொண்டே போகும். நிரப்ப வேண்டியது நன்னீர்.

அந்த நன்னீர் எங்கிருந்து? நகரக் குழாய்நீர் தானிக்காரி அணையில் இருந்து வருகிறது. கோடையில் அது முறைவைத்துத்தான் கிடைக்கும். அதில் குளோரினும் இருக்கும். வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் தீவில் மழைநீரே சிறந்த வழி. ஒரு எச்சரிக்கை உண்டு: தகரக் கூரையில் வழிந்த நீர் வேண்டாம். தகரத்தின் துத்தநாகப் பூச்சு மழைநீரில் கரையும். இறால், சங்கு போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது நஞ்சு. முதல் மழையை விட்டுவிட்டு, திறந்தவெளியில் பிளாஸ்டிக் விரிப்பு கட்டிப் பிடிக்கும் நீர் நல்லது.

அம்மோனியாவை யார் தின்பது?

கோமாளி மீன்களைக் கொன்றது அம்மோனியா. மீன் தன் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகிறது. நீரில் அது இரண்டு வடிவில் இருக்கும். மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் அவ்வளவு கெடுதல் செய்யாது. மின்னேற்றமில்லாத அம்மோனியாதான் செவுளுக்குள் புகுந்து கொல்லும். பிஎச் 7 உள்ள நன்னீர்த் தொட்டியில் இந்தக் கொல்லும் வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஎச் 8.2 உள்ள வெதுவெதுப்பான கடல்நீரில் ஏழெட்டுப் பங்கு. தங்கமீன் வளர்த்த அனுபவம் கடல்மீனிடம் செல்லாததற்கு இது முக்கியக் காரணம்.

1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரைச் சொட்டவிட்டார்கள். சுமார் இருபது நாள் அம்மோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு அதன் இடத்தில் நைட்ரேட் வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோனது. ஆக, வேலை செய்தவை உயிர்கள். 1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது.

நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலை பாக்டீரியாவுடையது மட்டுமே என்று நம்பியிருந்தார்கள். 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத்தில், ஒரு வெப்பமண்டல மீன் தொட்டியின் சரளையில் இருந்து வேறொன்று பிடிபட்டது. ‘நைட்ரோசோபியூமிலஸ் மாரிட்டிமஸ்’ என்று பெயரிடப்பட்ட அது, ஆர்க்கியா என்னும் தனிக்குலத்தைச் சேர்ந்தது. அதன் இனத்தார் பெருங்கடல்களில் மிக ஏராளமாக வாழும் உயிர்களில் அடங்குவர் என்பது பிறகு தெளிவாயிற்று. கடலின் ஒரு பெரிய ரகசியம் மீன்தொட்டிச் சரளையில் அகப்பட்டிருக்கிறது.

குழாயில் கண்ட அந்த இருபது நாள் தாமதம் வீட்டுத் தொட்டிக்கும் உண்டு. கல்லிலும் மணலிலும் நுண்ணுயிர் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீனே இல்லாமல், சிறிது அம்மோனியாவையோ ஒரு துண்டு இறாலையோ போட்டு இந்தக் காலத்தைக் கடத்த வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இரண்டும் பூச்சியத்துக்கு இறங்கிய பிறகுதான் மீன். இந்த உயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. மின்தடை நீண்டால் மீனோடு சேர்ந்து ஃபில்டரும் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

நைட்ரேட்டின் கணக்கு

நைட்ரேட் உடனே கொல்வதில்லை. அதனால்தான் அது சேர்ந்துகொண்டே போவது தெரிவதில்லை. 45 சதவீதம் புரதம் உள்ள உலர் தீவனம் ஒரு கிராமில் சுமார் 72 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அவ்வளவும் நைட்ரேட் ஆனால் 320 மில்லிகிராம். 200 லிட்டரில் லிட்டருக்கு 1.6 மில்லிகிராம். தினம் ஒரு கிராம் போட்டால் வாரத்துக்கு 11. மீனின் உடம்பில் சேருவதைக் கழித்து 10 என்று கொள்வோம்.

வாரம் 20 சதவீத நீரை மாற்றுகிறீர்கள். நைட்ரேட் எங்கே போய் நிற்கும்? பூச்சியத்தில் அல்ல. 50க்கு ஏறி, மாற்றியதும் 40க்கு இறங்கி, மறுபடி 50க்கு ஏறும். அந்த வட்டத்திலேயே நிற்கும். 10 சதவீதம் மட்டும் மாற்றினால் 100 வரை ஏறும். தீவனத்தைப் பாதியாக்கினால் 50 என்பது 25 ஆகிவிடும். வாளி வாளியாக நீர் சுமப்பதைவிட ஒரு சிட்டிகையைக் குறைப்பது சுலபம்.

நைட்ரேட் ஆவதற்கு முன்பே கழிவைப் பிடிப்பது புரோட்டீன் ஸ்கிம்மரின் வேலை. உப்புநீரில் காற்றுக் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் மிகச் சிறியதாகவே நிற்கும். புரதங்களும் கொழுப்புகளும் அவற்றின் பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறும். கோப்பையில் சேரும் பழுப்புத் திரவத்தைக் கொட்டிவிட்டால், அத்தனை நைட்ரஜனும் தொட்டியைவிட்டுப் போயிற்று.

இன்னொரு வழியை 1961இல் எழுதி உலகறியச் செய்தவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். உயிர் படிந்த பவளக் கற்களையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தினார். அத்தகைய கல்லின் உட்துளைகளில் ஆக்சிஜன் எட்டாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். அந்தமானில் கரையோரம் கிடக்கும் பவளத்தைப் பார்த்ததும் கை துறுதுறுக்கலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. உயிருள்ளதோ செத்ததோ, எடுப்பது குற்றம். கடற்குதிரைக்கும் அதே சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. நுண்துளையுள்ள பீங்கான் கட்டிகளும் ஆழமான மணற்படுகையும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

எந்தக் கடல், எந்த நேரம்?

மீன்பிடிப் படகுகள் அடையும் ஜங்கிலிகாட், கப்பல்கள் நிற்கும் ஹேடோ, ஃபீனிக்ஸ் பே பக்கத்து நீர் தொட்டிக்கு ஆகாது. எண்ணெய், வீட்டுச் சாக்கடை, கப்பல் அடிப்பூச்சில் இருந்து கசியும் தாமிரம் ஆகியவை அங்கே சேர வாய்ப்பு அதிகம். மீனின் வெண்புள்ளி நோய்க்குத் தாமிரம் மருந்து. இறாலுக்கும் நத்தைக்கும் அதே தாமிரம் எமன். திறந்த கரையில், மழை குறைந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஓதம் ஏறும்போது மொள்வது நல்லது. பெருமழைக்குப் பிறகு கரையோர நீர் உப்புக் குறைந்து கலங்கியிருக்கும். மொண்டதை மெல்லிய துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்தால் மிதவை உயிர்கள் செத்துப் படியும். மேல்நீரை மட்டும் எடுத்து, காற்றோட்டம் கொடுத்து, உப்பை அளந்து பயன்படுத்தலாம்.

மீனையும் பாறையில் இருந்து பிடிக்க வேண்டியதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட்டுப் பொரிக்கவைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. தொட்டியில் பிறந்த குஞ்சு உலர் தீவனத்துக்கும் கண்ணாடிச் சுவருக்கும் பழகியது.

செலவு செய்யும் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. முதலில் உப்புமானியும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதனைப் பெட்டியும், பிறகு ஸ்கிம்மர், ஆறு வாரம் கழித்து ஒரு ஜோடி மீன். அடுத்த ஜோடி வாங்கும் முன் ஒரு மாத நைட்ரேட் அளவுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே இருந்தால், எத்தனை தெளிவாகத் தெரிந்தாலும் அந்தத் தொட்டியில் இன்னொரு மீனுக்கு இடமில்லை.