உங்களுக்குத் தெரியுமா? மூளைக்குள் எத்தனை வகை செல்கள்!

● மூளை செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். புரதம் தயாரிக்கும் குறிப்பை வைத்திருக்கும் மரபணுக்கள் மனிதனுக்குச் சுமார் 20,000. எல்லா வீட்டுக்கும் ஒரே ரேஷன் கடைச் சாமான். எந்த அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஒரு செல்லுக்குள் எந்த மரபணு சுறுசுறுப்பாக இருக்கிறது, எது தூங்குகிறது என்பதை அங்கே உருவாகும் தூது ஆர்.என்.ஏ. காட்டிக்கொடுத்துவிடும். அதை எண்ணித்தான் இன்று மூளை செல்களை வகை பிரிக்கிறார்கள்.

● அதற்கு முன்பு உருவத்தைப் பார்த்துப் பிரிப்பதே முக்கிய வழி. இத்தாலியின் கமில்லோ கோல்ஜி 1873-ல் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நரம்பு செல்லைக் கறுப்பாக்கிக் காட்டினார். அந்தக் கறுப்பு ஒரு சில செல்களில் மட்டுமே ஏறும். அதுதான் அதன் அருமையும். எல்லாமே கறுத்திருந்தால் எதையும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. அதே முறையில் ஸ்பெயினின் சாண்டியாகோ ரமோன் இ காஹால் வரைந்த படங்கள் இன்றும் பாடநூல்களில் வருகின்றன. 1906-ல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு. கோல்ஜியோ, காஹால் வாழ்நாளெல்லாம் வாதாடிய ‘ஒவ்வொரு நரம்பு செல்லும் தனித்தனி’ என்ற கொள்கையைத் தன் நோபல் உரையிலேயே மறுத்துப் பேசினார்!

● லட்சக்கணக்கான செல்களின் ஆர்.என்.ஏ.வை ஒன்றாகக் கலந்து படித்தால், எது யாருடையது என்று எப்படித் தெரியும்? ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட முறை கெட்டிக்காரத்தனமானது. எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு செல், ஒரு மணி. ஒவ்வொரு மணியிலும் அதற்கே உரிய டி.என்.ஏ. முத்திரை. துளிக்குள் செல் உடைந்ததும் வெளிவரும் ஆர்.என்.ஏ.க்கள் எல்லாம் அந்த முத்திரையைக் குத்திக்கொள்ளும். அப்புறம் எத்தனை கலந்தாலும் கவலை இல்லை. சுண்டெலியின் விழித்திரையிலிருந்து 44,808 செல்களை இப்படிப் படித்து 39 கூட்டங்களாகப் பிரித்தார்கள்.

● உறைய வைத்த மனித மூளையிலிருந்து நரம்பு செல்லை முழுசாக எடுப்பது கடினம். கிளைகள் அறுந்து, செல்லே கிழிந்துவிடும். உள்ளே இருக்கும் உட்கரு மட்டும் தாக்குப்பிடிக்கும். எனவே உட்கருவில் இருக்கும் ஆர்.என்.ஏ.வை மட்டும் படிக்கிறார்கள்.

● மைக்ரோசாஃப்ட்டின் இணை நிறுவனர் பால் ஆலன் 10 கோடி டாலர் கொடுத்து 2003-ல் சியாட்டிலில் தொடங்கியது ஆலன் மூளை ஆய்வு நிறுவனம். 2023 டிசம்பரில் அங்கிருந்து சுண்டெலியின் முழு மூளைக்குமான பட்டியல் வந்தது: 34 பெரும் பிரிவுகள், அவற்றுக்குள் 338 உட்பிரிவுகள், கடைசி அடுக்கில் 5,322 கூட்டங்கள். அவ்வளவும் ஒரு எலியின் தலைக்குள்!

● அந்த 5,322 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே நிறுவனம் எலி மூளையின் வெளி அடுக்கான புறணியில், பார்வைக்குரிய பகுதியில் 2016-ல் சொன்ன கணக்கு 49 வகை. 2018-ல் இன்னொரு பகுதியையும் சேர்த்து, செல்களையும் அதிகமாக்கிப் படித்தபோது 133. கத்தியை எங்கே வைத்து வெட்டுவது என்பதைக் கணினி நிரலும் அதை இயக்கும் மனிதரும் சேர்ந்துதான் முடிவு செய்கிறார்கள். சில வகைகளுக்கு நடுவே எல்லைக்கோடே கிடையாது. ஒன்று இன்னொன்றாக மெல்ல மாறிக்கொண்டே போகும்.

● மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். அதில் ஏறக்குறைய 6,900 கோடி பின்னந்தலையில் இருக்கும் சிறுமூளையில். கூட்டம் அதிகம், வகை குறைவு. பெரும்பாலும் ஒரே மாதிரியான குறுமணி செல்கள். வகைகள் மலிந்து கிடப்பது ஹைப்போதலாமஸ், மூளைத்தண்டு ஆகிய இடங்களில். பசி, தூக்கம், மூச்சு பார்த்துக்கொள்ளும் பழங்காலப் பகுதிகள் இவை. சிந்திக்கும் புறணிதான் உசத்தி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் வகைகள் அந்தப் பழங்காலப் பகுதிகளில்தான் அதிகம் என்று 2023 அக்டோபரில் வந்த மனித மூளை ஆய்வும் சொல்கிறது: சுமார் 100 இடங்கள், 30 லட்சத்துக்கும் மேற்பட்ட உட்கருக்கள், 3,313 உட்கூட்டங்கள்.

● உருவமும் மரபணுவும் ஒத்துப்போகுமா? புழு ஒன்று சாட்சி சொல்கிறது. சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவின் உடலில் இருப்பது 302 நரம்பு செல்கள். உருவத்தையும் இணைப்புகளையும் பார்த்து அவற்றை முன்பே 118 வகையாகப் பிரித்திருந்தார்கள். 2021-ல் மரபணுக் கணக்கு கொடுத்த விடை 128.

● 2018-ல் அறிவிக்கப்பட்ட ‘ரோஸ்ஹிப்’ நரம்பு செல், இதழ் உதிர்ந்த ரோஜாவின் காய் போலத் தடித்த முனைகள் கொண்டது. ஹங்கேரியின் செகெத் பல்கலைக்கழகத்தில் உருவத்தைப் பார்த்தார்கள், சியாட்டிலில் மரபணுக்களைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே செல் என்று பிறகு தெரிந்தது. மனிதப் புறணியின் மேலடுக்கில் இருக்கும் இது எலிகளிடம் காணப்படவில்லை. எலியில் பலித்த மருந்து மனிதனிடம் ஏன் தோற்கிறது என்று யோசிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

● இந்த வகைப்பாட்டால் என்ன லாபம்? ஆல்சைமர் நோயில் எல்லா செல்களும் ஒரே நேரத்தில் சாவதில்லை. இறந்துபோன 84 பேரின் மூளைகளை ஆராய்ந்து 2024-ல் வெளியான ஆய்வின்படி, சொமாட்டோஸ்டாட்டின் சுரந்து மற்ற செல்களை அடக்கிவைக்கும் ஒரு வகை, நோயின் தொடக்கக் கட்டத்திலேயே குறையத் தொடங்குகிறது. எந்த வகை முதலில் போகிறது என்று தெரிந்தால்தான் எதைக் காப்பாற்றுவது என்று யோசிக்க முடியும்.

● சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற தொகுப்பை வெளியிட்டது. கருவிலிருக்கும் சிசுவின் மூளையை மெல்லிய துண்டுகளாக்கி, செல் அளவுக்குத் தெளிவாக எடுத்த 5,132 துண்டுகளின் படங்கள். இது மரபணுக் கணக்கு அல்ல. எந்த செல் எங்கே இருக்கிறது என்பதற்கான வரைபடம். ‘தரணி’யும் சரி, ஆலன் நிறுவனத்தின் மூளை வரைபடங்களும் சரி, இணையத்தில் இலவசம். பிளஸ் டூவில் உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் திறந்து காட்டுங்கள்.