ஒரு கிளாஸ் தே தாரேக்கில் எவ்வளவு சீனி?

கெடாவில் தமிழ்ப் பிள்ளைகளின் உடம்பில் சேரும் சீனியில் பெரும்பங்கு லட்டிலிருந்தோ ஜாங்கிரியிலிருந்தோ வருவதில்லை. அவை பண்டிகைக்கு வந்து போகிறவை. நாள் தவறாமல் வருவது கிளாஸில்தான். காலைப் பசியாறலுக்குத் தே தாரேக், பள்ளி இடைவேளையில் சிராப் தண்ணீர், மாலையில் ஒட்டுக்கடையில் மைலோ ஐஸ், இடையே ஒரு டின் கோலா.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தே தாரேக்கில் ஊற்றும் இனிப்பூட்டிய கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனி. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் 20 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி உள்ள 320 மில்லிலிட்டர் டின் பானத்தில் 32 கிராம். பெரியவர் ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய 25 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி. அதாவது ஆறு தேக்கரண்டி. சிறு பிள்ளைகளுக்கு அளவு இன்னும் குறைவு.

கடைகளில் இன்று ஊற்றப்படுவது பல வேளைகளில் பால்கூட அல்ல; சீனியும் செம்பனை எண்ணெயும் பால்மாவும் கலந்த கிரிமர். டின்னைத் திருப்பினால், குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்ற மலாய் வரி தெரியும். அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் பழைய போராட்டம் ஒன்று இருக்கிறது. ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்குப் பணியாற்ற வந்தார். தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கெட்டிப்பால் ஊட்டப்பட்ட சிசுக்கள் மடிவதைக் கண்டு கொதித்துப்போனவர், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் உரையாற்றினார். உரைக்கு அவர் வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. பின்னாளில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத் தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ், 2019இல் மறையும்வரை சீனிக்கு எதிராகக் குரல் கொடுத்தார். அந்த இருவரின் கோபமும் நியாயமானது. அதற்கு இன்றும் தேவை இருக்கிறது.

திரவமாக இறங்கும் சீனி வயிற்றை நிறைப்பதில்லை. ஒரு டின் குடித்த பிள்ளை சோற்றைக் குறைத்துச் சாப்பிடுவதில்லை. சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. ஃபிரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகிறது. செலவாகாமல் மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாகிறது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவிய பாட்டிக்கு அந்த இனிப்பு வேலையில் எரிந்துபோனது. கூலிம் தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறும் பேரனுக்கும், நாளெல்லாம் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் பேத்திக்கும் அப்படி எரிய வழியில்லை.

ஒல்லியாக இருப்பதும் காப்பு அல்ல. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரின் உடல் நிறைக் குறியீடும் ஒன்றே: 22.3. உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. இந்த ஒப்பீடு 2004இல் லான்செட் இதழில் வெளியானது. இந்திய உடலமைப்பின் இந்த மறைகொழுப்புதான் இனிப்பு நீர் என்னும் நீரிழிவு நோய் நம்மை முந்திக்கொண்டு பிடிப்பதற்கு ஒரு காரணம். மலேசியாவின் 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4.

இளையோர் நிலைதான் அச்சமூட்டுகிறது. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி, நீரிழிவு உள்ள 18 முதல் 29 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கு அது இருப்பதே தெரியாது. சிறுவயதில் இரண்டாம் வகை நீரிழிவு கண்டவர்களை அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி 26 வயதிலேயே அவர்களில் ஐவரில் மூவருக்குச் சிறுநீரகம், கண், நரம்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றிலாவது பாதிப்பு வந்திருந்தது. சீனி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரையும் எடையும் உண்டு. ஆனால் வீட்டில் உடனே மாற்றக்கூடியது சீனிதான்.

அரசும் சில அடிகள் வைத்திருக்கிறது. 2013 அக்டோபரில் சீனிக்கான உதவித்தொகை நீக்கப்பட்டது. 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2025 ஜனவரியில் அது 90 சென் ஆனது. ஆனால் டின்னிலும் போத்தலிலும் அடைத்து வரும் பானத்தைத் தொடும் அந்த வரி, கடைக்காரர் கலக்கித் தரும் கிளாஸைத் தொடாது. அங்கே கேட்பவர் வாய்தான் சட்டம். ‘தே ஓ கோசோங்’ என்று கேட்டால் சீனியே இல்லை. ‘குராங் மானிஸ்’ என்றால் சீனி குறையும். பள்ளிக் கேண்டீனில் பிள்ளைக்கு வெறும் தண்ணீர் கிடைக்கிறதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்.

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இனிப்பு நீர் இருந்தால், இருபது வயதுப் பிள்ளையையும் ரத்தச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்.