கின்னிப்ரூக்கின் பிழை

இங்கிலாந்தின் கிரீனிச் வானாராய்ச்சி நிலையத்தில், 1796-ஆம் வருஷத் தொடக்கத்தில், டேவிட் கின்னிப்ரூக் என்ற இளம் உதவியாளர் உத்தியோகத்தை இழந்தார். தொலைநோக்கிக்குள் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பியை நட்சத்திரம் கடக்கும் கணத்தைக் கண்ணால் கண்டு, அதே வேளையில் கடிகாரத்தின் துடிப்பைக் காதால் எண்ணி, விநாடியில் பத்திலொரு பங்கு வரை மதித்து எழுத வேண்டிய அந்த வேலையில், தலைமை வானியலாளர் மாஸ்கெலின் குறித்ததைக் காட்டிலும் அவர் குறித்த நேரம் 0.8 விநாடி பிந்தி வந்ததே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம்.

அளவையில் பிழை நேர்வது இயல்பு என்னும் ஞானம் அக்காலத்து வானியலாருக்குப் புதிதன்று. சந்திரன் மெல்ல அசைந்தாடுவதை ஆராய்ந்த ஜெர்மானியர் டோபியாஸ் மேயர், 1750-இல், அறியவேண்டிய எண்கள் மூன்றே ஆனாலும் 27 சமன்பாடுகளை எடுத்துக்கொண்டு, ஒன்பது ஒன்பதாகக் கூட்டி மூன்றாகச் சுருக்கினார். தமக்குப் பிடித்த மூன்றைப் பொறுக்கி மற்றவற்றை மறைத்துவிடாமல், குறையுள்ள எல்லாச் சாட்சிகளையும் சபையில் நிறுத்திக் கேட்ட அந்த நேர்மையைப் புள்ளியியலின் உயிர்நாடி என்றே நான் மதிக்கிறேன். பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்கும்படி விடையைத் தேர்ந்துகொள்ளும் முறையை 1805-இல் பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் பிரசுரித்தார். 1795 முதலே தாம் அதைக் கையாண்டு வந்ததாக 1809-இல் உரிமை கோரிய ஜெர்மானியக் கணிதர் காஸ், சிறு பிழைகள் மலிந்தும் பெரும் பிழைகள் அருகியும், கூடுதலும் குறைவும் சரிசமமாகவும் நேர்கின்றன என்ற கருத்தை மணிவடிவ வளைகோடாக வரைந்து, அம்முறைக்கு ஆதாரம் அமைத்தார்.

ஆனால் இவ்வளவு சிறந்த முறையும் கின்னிப்ரூக்கைக் காத்திருக்க முடியாது. கூடியும் குறைந்தும் சிதறும் பிழைகள்தாம் கூட்டலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமேயன்றி, ஒரு தட்டு எப்போதும் தாழ்ந்தே நிற்கும் தராசில் நூறு தடவை நிறுத்துச் சராசரி எடுத்தாலும் கோணல் நீங்காது. அவருடைய பிழையோ என்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது.

இந்தச் செய்தியைப் பின்னாளில் படித்த கேனிக்ஸ்பெர்க் வானியலாளர் பெஸ்ஸல், யார் தவறினார் என்று கேளாமல், தேர்ந்த வானியலாளர்களே தம்மோடு எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று சோதிக்கத் துணிந்தார். 1820-இல் வால்பெக் என்பவரோடு ஒரே நட்சத்திரங்களை நோக்கியபோது, இருவர் கணக்குக்கும் ஏறக்குறைய ஒரு முழு விநாடி வித்தியாசம் வந்தது. கண்டதையும் கேட்டதையும் மனம் இணைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதும், அது சோம்பலோ அலட்சியமோ அன்று, அளந்து கழிக்கத்தக்க ஒரு தொகையே என்பதும் அதனால் புலப்பட்டன. அவ்வாறு நோக்கினால், கிரீனிச்சில் பிந்தியவர் உதவியாளரா, முந்தியவர் தலைவரா என்பதற்கே விடையில்லை.

பெஸ்ஸல் தம் முடிவுகளை வெளியிட்ட 1823-இல், கின்னிப்ரூக் இறந்து இருபது வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தன.