கட்டி எங்கே பிறந்தது?



இடையஞ்சாவடியிலிருந்து ஒரு சகோதரி, வயிறு நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிறதென்று எங்களிடம் வந்தார். உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். அறுவைச் சிகிச்சையில் சினைப்பையிலிருந்து பெரிய கட்டி ஒன்று எடுக்கப்பட்டது. உள்ளே கெட்டியான சளி. "ஐயா, இது புற்றுநோய்தானா?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல எங்களால் கூடவில்லை. காரணத்தைச் சொல்லுகிறோம்.

சளி சுரக்கும் கட்டிகள் இரைப்பை, பெருங்குடல், குடல்வால், கணையம், சினைப்பை எனப் பல உறுப்புகளில் தோன்றும். நுண்ணோக்கியில் அவை ஒன்றுபோலவே தெரியக்கூடும். சினைப்பையிலேயே பிறந்தவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை, சில இடைப்பட்டவை, சிலவே புற்றுநோய். ஆனால் வேறு உறுப்பின் புற்றுநோயும் சினைப்பைக்குப் பரவி வரும். 1896-ல் ஜெர்மானிய மருத்துவர் குருக்கன்பெர்க் சில கட்டிகளைச் சினைப்பையில் பிறந்தவை என்றே எழுதினார். அத்தகையவை பெரும்பாலும் இரைப்பையிலிருந்து வந்தவை என்பது பின்னரே தெளிவாயிற்று. வயிறு முழுவதும் சளி நிரம்பும் நோய்க்கும் வேர் பெரும்பாலும் சிறிய குடல்வாலில்தான்.

ஆகையால் பரிசோதனை மருத்துவர் கட்டியின் பல இடங்களிலிருந்து துண்டுகள் எடுத்துப் பார்க்கிறார். ஒரே பக்கத்தில் மிகப் பெரிதாக இருந்தால் சினைப்பையில் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். இரு பக்கமும் சிறிதாக இருந்தால் வேறிடத்தில் தேட வேண்டும். உயிரணுக்களின் புரதங்களைக் காட்டும் சாயங்களும் உதவுகின்றன. பிறப்பிடம் தெரிந்தால்தான் சரியான சிகிச்சை.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது: தீங்கற்றது. சகோதரி அழுதார். எல்லாருக்கும் அப்படி வருவதில்லை. எந்த முடிவானாலும் அது சரியான முடிவாயிருக்க, உங்கள் காணிக்கை அந்தச் சாயங்களுக்கும் காத்திருக்கும் படுக்கைக்கும் உதவுகிறது.