கவனிச்சுக்குங்க, நர்ஸம்மா!

ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்த்துவிட்டுக் கிளம்பும் உறவினர், வார்டு வாசலில் நின்று கடைசியாகச் சொல்வது இதைத்தான்: “கொஞ்சம் நல்லா கவனிச்சுக்குங்க, நர்ஸம்மா.” கவனிப்பது என்றால் உற்றுப் பார்ப்பது, பேணிக் காப்பதும்கூட. ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலை. மனநல வார்டில் இவ்விரண்டையும் பிரிக்கவே முடியாது.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. மனத்தின் தவிப்பை அளக்க அப்படி ஒரு கருவி இல்லை. மருத்துவர் வந்து பேசிவிட்டுப் போன பிறகு, நோயாளி எப்படித் தூங்கினார், சோற்றைத் தொட்டாரா, யாருமில்லாத மூலையைப் பார்த்துச் சிரித்தாரா, அதிகாலை 3 மணிக்கே விழித்துக் கிடந்தாரா என்பதெல்லாம் செவிலியருக்குத்தான் தெரியும். சிகிச்சை பலிக்கிறதா என்பதற்கான தடயங்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கிடைக்கின்றன.

மருந்து தொடங்கிய சில நாட்களில் ஒருவர் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, உடனே எழுந்துவிடுகிறார். நோய் முற்றிவிட்டதாகத் தோன்றும். ஆனால், டோபமைனைத் தடுக்கும் மனநோய் மருந்துகளின் பக்கவிளைவாகவும் அது இருக்கலாம். அதன் பெயர் ‘அகதீசியா’. செக் மருத்துவர் ஹஷ்கோவெட்ஸ் 1901-இல் சூட்டிய கிரேக்கப் பெயர். ‘உட்கார முடியாமை’ என்று பொருள். நோயின் வேகம் என்று தவறாக எண்ணி மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். அனுபவமுள்ள செவிலியர் கூடவே நான்கு எட்டு நடந்தபடி, “மனசு பதறுதாண்ணே, இல்ல காலுதான் நிக்க விடமாட்டேங்குதா?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்து மருந்துச் சீட்டே மாறக்கூடும்.

அனுபவசாலியின் கண்ணுக்குப் படுவது புதிதாக வந்தவருக்கும் பட வேண்டுமே! அதற்காக உருவானவற்றுள் ஒன்று, நார்வேயின் ட்ரோன்ட்ஹைம் நகரில் பிறந்த ‘ப்ரோசெட்’ பட்டியல். குழப்பம், எரிச்சல், கட்டுக்கடங்காத ஆர்ப்பாட்டம், வாய் மிரட்டல், கை ஓங்கி மிரட்டுதல், பொருட்களைத் தாக்குதல் என்று ஆறே குறிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அடுத்த 24 மணி நேரத்தில் வன்முறை மூளுமா என்பதை இது கணிக்க முயல்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. எப்போதுமே குழப்பத்தில் இருப்பவருக்குக் குழப்பத்துக்காகப் புள்ளி விழாது. வழக்கத்தைவிடக் கூடினால்தான் விழும். ஆக, ஆளின் வழக்கம் தெரியாதவரால் இந்தச் சிறு பட்டியலைக்கூடச் சரியாக நிரப்ப முடியாது.

கேஸ் ஷீட்டில் எழுதுவதிலும் இதே பாடம்தான். ‘ஆக்ரோஷமாக இருந்தார்’ என்பது தீர்ப்பு. ‘இரவு 9 மணிக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்’ என்பது கவனிப்பு. அடுத்த டியூட்டிக்கு வருபவருக்கு உதவுவது இரண்டாவதுதான்.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடியவரை எப்படிக் கண்காணிப்பது? வன்முறை, ஆக்ரோஷம் குறித்து இங்கிலாந்தில் 2015-இல் வெளியான வழிகாட்டுதல் கண்காணிப்பைப் படிகளாகப் பிரிக்கிறது: அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது, 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது, பார்வையிலோ கைக்கெட்டும் தூரத்திலோ இடைவிடாமல் வைத்திருப்பது. ஒரே செவிலியர் இடைவேளையின்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. காரணம், மனிதக் கண்ணுக்கும் களைப்பு உண்டு. ரேடார் திரையை மணிக்கணக்கில் பார்க்கும் வீரர்களுக்கு ஏன் பிசகுகிறது என்று ஆராய்ந்த நார்மன் மெக்வொர்த், அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்குவதை 1948-இல் காட்டினார்.

அப்படியானால் இடைவிடாமல் பார்ப்பதுதான் அதிகப் பாதுகாப்பா? லென் பவர்ஸ் தலைமையிலான குழு இங்கிலாந்தின் 136 வார்டுகளை ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டது. இடைவிடாத கண்காணிப்புக்கும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் சம்பவங்கள் குறைவதற்கும் தொடர்பு தென்படவில்லை. அவ்வப்போது போய்ப் பார்க்கும் முறை, தகுதிபெற்ற செவிலியர் அதிகம் இருப்பது, நோயாளிகளுக்கான செயல்பாடுகள் நிறைய நடப்பது ஆகிய ஒவ்வொன்றோடும்தான் அவை குறைவதற்குத் தொடர்பு தென்பட்டது. இதனால்தான் அது என்று இந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இடைவிடாத பார்வை தேவைப்படும் தருணங்களும் உண்டு. ஆனால், கதவருகே நாற்காலி போட்டு, பேசாமல் முறைத்துக்கொண்டிருப்பது காவல் மட்டுமே.

கேரம் பலகையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆடும் செவிலியரும் டியூட்டியில்தான் இருக்கிறார். கை நடுங்குகிறதா, கவனம் நிற்கிறதா, பேச்சு கோவையாக வருகிறதா எல்லாம் அவர் கண்ணில் படும். கேஸ் ஷீட்டில் இரண்டே வரி எழுதுவார்: ‘இன்று மூன்று ஆட்டம் ஆடினார். தோற்றபோது சிரித்தார்.’