தப்பிப் பிழைத்த மீனின் இதயம்

எண்ணெய்க் கசிவு என்றதும் பத்திரிகைகளில் வருவது கறுத்துப்போன கரையும் சிறகு ஒட்டிக்கொண்ட கூழைக்கடாவும்தான். கறை கண்ணுக்கு மறைந்ததும் கடல் சுத்தமாகிவிட்டது என்று அறிவித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவில் பணியாற்றிய ஜான் இன்கார்டோனாவின் ஆய்வுகளைப் படித்தவர்களால் அந்த அறிவிப்பை நம்ப முடியாது.

அவர் ஆராய்ந்தது மீன் கருவின் இதயத்தை. ஹெர்ரிங் மீனின் முட்டை கண்ணாடி போன்றது. உள்ளே இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் நேராகவே பார்க்கலாம். கச்சா எண்ணெயிலிருந்து நீரில் கரையும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள், முக்கியமாக மூன்று வளையம் கொண்டவை, முட்டைக்குள் புகுந்ததும் துடிப்பு மந்தமாகிறது, தாளம் தப்புகிறது, இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொள்கிறது. இதயத் தசைச் செல்களில் பொட்டாசியம், கால்சியம் போக்குவரத்தை எண்ணெய் குலைப்பதே காரணம் என்பதை 2014இல் அவரும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் சூரை மீன்களில் காட்டினார்கள்.

எண்ணெய் அதிகமானால் கரு செத்துவிடும். மிகக் குறைந்த அளவில் பட்ட கரு பிழைத்துக்கொள்கிறது, பொரித்து வரும் குஞ்சும் பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் சால்மனிலும் ஹெர்ரிங்கிலும் அப்படிப் பிழைத்தவற்றை மாதக்கணக்கில் வளர்த்துப் பார்த்தபோது, இதயத்தின் வடிவம் மாறியிருந்தது, நீந்தும் திறன் குறைந்திருந்தது. 2015இல் வெளியான இந்த முடிவுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. வேகமாக நீந்த முடியாத மீனுக்கு இரையும் கிடைக்காது, பெரிய மீனிடமிருந்து தப்பவும் முடியாது. அப்படி அழியும் மீன் கரையில் செத்து ஒதுங்காது. எந்தக் கணக்கெடுப்பிலும் வராது.

அலாஸ்காவில் 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி ஏறக்குறைய 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அடுத்த சில வாரங்களில் ஹெர்ரிங் மீன்கள் அதே கரையோரத்தில் முட்டையிட்டன. 1993இல் ஹெர்ரிங் வளம் சரிந்தது. அதில் எண்ணெயின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. அரசுகளுக்கும் கம்பெனிக்கும் இடையிலான இழப்பீட்டு ஒப்பந்தமோ 1991இலேயே முடிந்துவிட்டது. எதிர்பாராத சேதத்துக்கென்று அதில் வைத்திருந்த பிரிவின்கீழ் 2006இல் மேலும் பணம் கேட்டார்கள். 2015இல் அந்தக் கோரிக்கையையும் கைவிட்டார்கள்.

நம் எண்ணூர் எண்ணெய்க் கசிவை இரண்டு முறை பார்த்துவிட்டது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் பரவியது. அந்தக் கழிமுகத்தில்தான் இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். மீனவர்கள் மக்கையும் வாளியையும் வைத்து எண்ணெயை அள்ளினார்கள். பாதுகாப்பு உடையும் கையுறையும் இல்லாமல் அந்த வேலைக்கு இறங்கவே கூடாது. தோல் எரியும், நெடியில் தலை சுற்றும், மூச்சு முட்டும். மீன் தன் உடலுக்குள் போன ஹைட்ரோகார்பனை ஓரளவு உடைத்து வெளியேற்றிவிடும். ஆளிக்கும் மட்டிக்கும் அது எளிதல்ல. ஆகவே கசிவு நடந்த இடத்து ஆளி, மட்டியைச் சோதனை முடிவு வரும்வரை தொடாதீர்கள்.

கடலில் எண்ணெய்ப் படலம் கண்டால் கடலோரக் காவல்படைக்கு 1554 எண்ணில் சொல்லுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் படிந்த வலையைத் தூக்கி எறிவதற்கு முன் தேதியோடு படம் எடுங்கள். தினமும் எந்த இடத்தில் எவ்வளவு மீன்பாடு, என்ன விலைக்குப் போனது என்று நோட்டில் எழுதி, ஏலச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். பாடு குறைந்தது ஒரு வருடம் கழித்துத் தெரியவந்தால், முன்பு எவ்வளவு கிடைத்தது என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010இன் 15ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கேட்க, பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டு அவகாசம் உண்டு. 14ஆம் பிரிவின்கீழ் வரும் மற்ற சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு 6 மாதம்தான், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. விபத்தில் யார் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று மீனவர் நிரூபிக்க வேண்டியதில்லை. தவறு யாருடையது என்று பாராமலே பொறுப்பைச் சுமத்த 17ஆம் பிரிவு இடம் தருகிறது. கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. அரசு தந்த நிவாரணத்தை வாங்கியிருந்தால் மனுவில் அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்; வாங்கிய காரணத்தாலேயே வழக்குப் போடும் உரிமை போய்விடாது. 2023 டிசம்பர் கசிவுக்கு அந்த 5 ஆண்டு 2028 டிசம்பரில் முடிகிறது.