ஜெனீவாவில் இலங்கைக்கு ஒரு கதிரை: அதில் எங்கட சனத்துக்கு எவ்வளவு இடம்?

2024 ஆகஸ்டில் இரண்டு சின்ன நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தன. ஒன்று கொமோரோஸ் தீவுகள், மற்றது கிழக்குத் திமோர். அதோடு உறுப்பு நாடுகளின் தொகை 166 ஆனது. பாரிஸ் ரெஸ்டோரண்ட் குசினிகளில் வேலை செய்த எங்கட ஆக்களுக்குக் கொமோரோஸ்காரர் புதிசில்லை. பக்கத்தில் நின்று கோப்பை கழுவினவர்கள். வனிலாவும் கராம்பும் விற்கிற அந்த நாடு 2007இல் வரிசையில் போய் நின்றது. கதவு திறக்க 17 வருடம் பிடித்தது.

கிழக்குத் திமோர் செய்தியை லாச்சப்பலில் வாசித்தவர்கள் வேறு மாதிரி வாசித்திருப்பார்கள். 2002இல் நாடாகி, இப்ப உலகச் சந்தையிலும் போய்க் குந்திவிட்டார்களே என்று ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு நியாயமானதுதான். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு நாடு அந்த மேசையில் கதிரை போட்டு இருந்தால், அந்த நாட்டுச் சனம் எல்லாரும் இருந்ததாக ஆகுமா? இதற்குப் பதில் தேட திமோருக்குப் போகத் தேவையில்லை. இலங்கை அந்தக் கதிரையில் இருக்கத் தொடங்கி முக்கால் நூற்றாண்டுக்கு மேல்.

1947 ஒக்ரோபர் 30இல் ஜெனீவாவில் 23 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. சுங்கவரி, வர்த்தகம் பற்றிய பொது உடன்பாடு. சுருக்கமாகக் காட் என்பார்கள். இன்றைய உலக வர்த்தக அமைப்பின் தாய் அதுதான். கையெழுத்திட்டவர்களில் பிரான்ஸ் இருந்தது, இந்தியா இருந்தது, சிலோனும் இருந்தது. சிலோனுக்குச் சுதந்திரமே அடுத்த பெப்ரவரியில்தான். 1948 ஜூலை 29இல் முறைப்படி உறுப்பு நாடானது. ஐக்கிய நாடுகள் சபையில் இடம் கிடைக்க 1955 டிசம்பர் வரை காத்திருந்த நாடு, வர்த்தக மேசைக்கு ஏழு வருடம் முந்தியே போய்விட்டது. கொமோரோஸ் 17 வருடம் ஏறி இறங்கிய படிகள் அப்போது இல்லை.

ஏன் அவ்வளவு சுலபம்? தேயிலை. பிறகு ரப்பர், தேங்காய். வெளிநாட்டுக் காசு முழுக்க அந்தத் தோட்டங்களில் இருந்துதான் வந்தது. அந்தத் தேயிலையைப் பறித்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். அதே 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் ஏறக்குறைய ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. கொழுந்துக்கு உலகச் சந்தையில் சம உரிமை, பறித்த கைக்குப் பிறந்த மண்ணில் உரிமை இல்லை. இரண்டுக்கும் நாலு மாதம்கூட இடைவெளி இல்லை. காட் ஒப்பந்தத்தில் பொருளைப் பற்றி எல்லாம் எழுதியிருந்தது, பொருளைச் செய்கிற ஆளைப் பற்றி அநேகமாக ஒன்றும் இல்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினையை முழுதாகத் தீர்க்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது 2021இல். அப்போதைய கணக்கில் ஐந்து யூரோவுக்கும் குறைவு. லாச்சப்பலில் ஒரு கொத்துரொட்டிக்கும் காணாது.

அடுத்தது வடக்கு. 60 வயது தாண்டிய யாழ்ப்பாணத்தாரிடம் சிறிமாவோ காலத்தைக் கேட்டுப் பாருங்கள். பாணுக்கு விடியப்புறமே வரிசையில் நின்ற கதையும் வரும், வெங்காயம் விற்று வீடு கட்டின கதையும் வரும். 1970இலிருந்து 77 வரை வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கதவு சாத்தியிருந்தது. அந்நியச் செலாவணி இல்லாத வளரும் நாடு இறக்குமதியைக் கட்டுப்படுத்தலாம் என்று காட் விதியிலேயே ஒரு பிரிவு உண்டு, அதனால் ஜெனீவாவில் யாரும் சிலோனின் கழுத்தைப் பிடிக்கவில்லை. அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் குடாநாட்டுச் செம்மண்ணிலும், விசுவமடு, முத்தையன்கட்டுக் காணிகளிலும் ஒரு தலைமுறைப் பெடியள் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டு நிமிர்ந்தார்கள். பல்கலைக்கழகத் தரப்படுத்தலைக் கொண்டுவந்து படிப்புக் கதவை மூடினதும் இதே அரசுதான். கையில் மண்வெட்டியைக் கொடுத்ததும் இதே அரசுதான். வரலாறு சில நேரம் இப்படிக் குழப்பியடிக்கும்.

1977இல் ஜே.ஆர். வந்தார், கதவைத் திறந்தார். இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் கொழும்புச் சந்தையில் இறங்கின, வடக்குத் தோட்டக்காரனுக்கு விலை விழுந்தது. ஜெனீவா கட்டாயப்படுத்தி நடந்ததில்லை இது. கொழும்பு எடுத்த முடிவு. அதனால் நன்மை அடைந்தவர்களும் உண்டு. நீர்கொழும்பு வீதியில் ஆடைத் தொழிற்சாலைகள் முளைத்தன, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குச் சம்பளம் வந்தது. நட்டம் எங்கே விழும், லாபம் எங்கே போகும் என்று கணக்குப் பார்த்த மேசையில் மிளகாய்த் தோட்டக்காரன் இருக்கவில்லை என்பதுதான் விஷயம். பின்னால் வந்த கோபங்களுக்கு இது மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். இதையும் சேர்க்காமல் அந்தக் காலத்தை எழுதவும் முடியாது.

இனி எங்கட லாச்சப்பலுக்கு வருவோம். விதிகள் ஜெனீவாவில் எழுதப்பட்டாலும் அவை கண்ணில் படுவது போபூர் சன் தெனி தெருக் கடைகளில்தான். 1995இல் உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்தே பயிர், உணவுப் பாதுகாப்பு பற்றிய ஓர் ஒப்பந்தமும் வந்தது. சனத்தின் உடல்நலத்துக்காகவும் பயிர் நலத்துக்காகவும் ஒரு நாடு பொருளை மறிக்கலாம், ஆனால் அதற்கு விஞ்ஞான ஆதாரம் வேண்டும் என்பது அதன் சாரம். ஊரிலிருந்து வரும்போது அம்மா சூட்கேஸில் வைத்துவிட்ட கறிவேப்பிலையை விமான நிலையத்தில் தூக்கிப் போட்டார்கள் என்று கோபப்படுகிறோம். 2019 டிசம்பர் 14 முதல் பழமோ இலையோ காயோ, பயிர்நலச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர முடியாது. விலக்கு அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஐந்துக்கும்தான். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். தோடை மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதிலும் தங்கும். ஸ்பெயின் தோட்டக்காரனுக்கு அந்தப் பயம் உண்மையானது.

ஆனால் சான்றிதழ் என்பது பெரிய ஏற்றுமதிக்காரருக்கு ஒரு செலவு, சின்ன ஆளுக்கு ஒரு மதில். பரிசோதனை, பொதி, முகப்புச் சீட்டு, கொழும்புக்கு அலைச்சல். ஒடியல்மா இடிக்கிற வடமராட்சிப் பெண்கள் குழு ஒன்று இதை எல்லாம் தனியாகத் தாண்ட முடியுமா? கடையில் பனங்கட்டிப் பொதியை எடுத்தால் ஒருக்கால் திருப்பிப் பாருங்கள், ஏற்றுமதியாளர் விலாசம் எந்த ஊர் என்று.

எங்களுக்கு இதில் நேரடியாகக் கை வைக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஜி.எஸ்.பி. பிளஸ். வளரும் நாடுகளுக்குத் தனிச் சலுகை கொடுக்கலாம் என்ற காட் விதிவிலக்கில் நிற்கிறது அது. சாதாரணமாக ஒரு டீசேர்ட் ஐரோப்பாவுக்குள் வர 12 வீதம் வரி. வெறும் ஜி.எஸ்.பி. என்றால் 9.6 வீதம். பிளஸ் இருந்தால் பூச்சியம். அதற்கு விலை, மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறையில் காட்டவேண்டும். காட் எழுதாமல் விட்ட ஆளைப் பற்றிய பக்கம் இங்கேதான் எழுதப்படுகிறது. 2010 ஆகஸ்டில் இலங்கையிடமிருந்து அது பறிக்கப்பட்டது. 2017 மே மாதத்தில் திரும்பக் கொடுக்கப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவோம் என்ற வாக்குறுதியும் அதோடு சேர்ந்தது. சட்டம் போகவில்லை என்று 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு, சலுகையை இடைநிறுத்துவதைப் பரிசீலிக்கச் சொன்னது.

'பறிக்கவேணும்' என்று எங்களில் பலர் உடனே கை தூக்குவார்கள். அந்தக் கோபம் எனக்கு விளங்கும். ஆனாலும் நான் அந்தப் பக்கம் இல்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருக்கிறதும் எங்கட பிள்ளைகள்தான், அதில் போரில் வீட்டு ஆம்பிளையை இழந்த குடும்பங்கள் எத்தனையோ. வரி ஏறினால் முதலில் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பப்படுவது அவர்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைக்கு 44 வீத வரி என்று அறிவித்து, பிறகு ஆகஸ்டில் 20க்கு இறக்கியது. அந்த இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பிள்ளைகள் எப்படி நித்திரை கொண்டிருப்பார்கள்? சலுகையைப் பறித்துவிட்டால் பிரசல்ஸ் கையில் பிறகு பேச ஒன்றும் இருக்காது. 2010இல் பறித்தபோது கொழும்பு வரியைக் கட்டிக்கொண்டு ஏழு வருடம் ஓட்டியது.

கையில் வைத்திருந்து கேட்கவேண்டும், அதுவும் நுணுக்கமாகக் கேட்கவேண்டும். தடைச் சட்ட வாக்குறுதி எதுவரை வந்தது? அந்தத் தொழிற்சாலைகளில் சங்கம் வைக்க விடுகிறார்களா? வடக்கு கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் சின்ன உற்பத்தியாளர் நேரே ஐரோப்பாவுக்கு அனுப்ப, பரிசோதனைக் கூடம் அவர்களுக்குக் கிட்டவாக இருக்கிறதா? இதில் கடைசிக் கேள்வியை எங்கட அமைப்புகள் கேட்டு நான் கண்டது குறைவு.

இப்போதுள்ள ஜி.எஸ்.பி. ஒழுங்குவிதி 2027 முடிவுவரை நீடிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பிரான்சுக்கு 81 உறுப்பினர்கள். இங்கே பிறந்து வளர்ந்த எங்கட பிள்ளைகள் அவர்களுக்கு வாக்குப் போடுகிறவர்கள். கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதினால் போதும்.